கடற்கரையிலிருந்து தொட்டபெட்டா வரை: மலை உயர உயரப் பூக்கும் தாவர வகைகள் எப்படி மாறுகின்றன என்பதைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

"மேலே போகப் போகக் குளிர் கூடும், அதனால் செடி வகைகள் குறைந்துகொண்டே போகும். அப்படித்தானே சார்?" தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் நடத்தும் தாவரவியல் வகுப்பில், ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. பாதி சரி என்பதுதான் விடை. வெப்பமண்டல மலை ஒன்றின் உச்சியில் அடிவாரத்தைவிடக் குறைவான பூக்கும் தாவர இனங்கள் இருப்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சிவரை அந்த எண்ணிக்கை படிக்கட்டு இறங்குவதைப் போல ஒரே சீராகக் குறைவதில்லை. பல மலைகளில் அது முதலில் கூடி, நடு உயரத்தில் உச்சம் தொட்டு, அதன் பிறகே சரிகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ஸ்டன் ராபெக் 1995-இல், அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்து, சீரான சரிவைவிடக் திமில் போன்ற நடுவுயர உச்சமே அதிகம் தென்படுகிறது என்று காட்டினார்.

கேட்டதை நம்பி எழுதிக்கொள்வதைவிடத் தாமே எண்ணிப் பார்ப்பது நல்லது என்ற எண்ணத்தில், வடசென்னையிலிருந்து ஒரே இரவில் ரயிலேறிச் சென்று சேரக்கூடிய நீலகிரியின் கிழக்குச் சரிவை எடுத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அங்கே நிலையத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். இடையிலுள்ள சுமார் 2,300 மீட்டர் ஏற்றத்தை ஒரே நாளில் சாலை வழியாகக் கடந்துவிடலாம். இத்தனை பெரிய உயர வேறுபாடு இவ்வளவு எளிதாக எட்டும் தூரத்தில் கிடைப்பதை நம் ஊர் மாணவர்களின் பேறு என்றே கருதுகிறேன்.

முதல் படி: எதை எண்ணப்போகிறோம் என்பதை முடிவு செய்தல்

பூக்கும் தாவரம் என்று சொன்னதும் கண்ணில் படும் வண்ணப்பூக்களை மட்டும் எண்ணத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் பிழை. புல் பூக்கும் தாவரம், கோரை பூக்கும் தாவரம், மூங்கிலும் அப்படியே. மலையின் மேற்பகுதியில் பரந்துகிடக்கும் புல்வெளியில் புல்லினங்களை விட்டுவிட்டு எண்ணினால், அங்கே ஒன்றுமே இல்லை என்ற பொய்யான முடிவுக்கு வந்து சேருவோம். மறுபுறம், சோலைக்காட்டின் ஓடையோரம் குடை விரித்து நிற்கும் மரப்பெரணி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பூப்பதில்லை என்பதால் கணக்கில் வராது. பைன், சைப்ரஸ் போன்றவையும் வித்துமூடாத் தாவரங்கள் என்பதால் வெளியே நிற்க வேண்டியவையே.

அடுத்து, நட்டு வளர்த்தவை. பர்லியாற்றுத் தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. குன்னூரைச் சுற்றித் தேயிலை. உதகையைச் சுற்றிக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்). இவை அனைத்தும் பூக்கும் தாவரங்கள்தாம். ஆனால் மனிதர் கொண்டுவந்து வைத்தவை. உண்ணிச்செடி போல வெளியிலிருந்து வந்து தானே பரவியவை மூன்றாவது வகை. எனவே குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இயல்', 'நட்டது', 'பரவியது' என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். வகைப்படுத்தலைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எந்தச் சீகை நட்டது, எது தானாய் முளைத்தது என்பது வீடு திரும்பிய பின் ஒருவருக்கும் நினைவிருக்காது.

வளரியல்பையும் தனித்தனியே குறிக்க வேண்டும்: மரம், புதர், சிறுசெடி, கொடி, தொற்றுத்தாவரம் (மரக்கிளைகளைப் பற்றி வளர்வது). இது ஏன் இன்றியமையாதது என்பதற்குப் போர்னியோவின் கினபாலு மலை நல்ல சான்று. 4,095 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், சம அளவு நிலத்துண்டுகளில் மரங்களை மட்டும் எண்ணியவர்கள் உயரம் கூடக் கூட இனங்கள் குறைவதைக் கண்டார்கள். மலை முழுவதிலிருந்தும் சேகரித்த எல்லா வகைத் தாவரங்களின் பதிவுகளையும் ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்களுக்கோ நடு உயரத்தில் உச்சம் தெரிந்தது. இரண்டுமே சரி. எண்ணியது வேறு, ஆகவே வரைபடத்தில் கிடைக்கும் கோடும் வேறு.

இரண்டாம் படி: வீட்டருகே பயிற்சி

மலையில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புள்ளது. எனவே கை பழகுவது இங்கேயே நடக்கட்டும். நாங்கள் எண்ணூர்க் கடற்கரையில் தொடங்குகிறோம். காசிமேட்டில் வலை கட்டுவோர் பயன்படுத்தும் கயிற்றில் நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக வெட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சாகச் சிவப்பு நூல் கட்டி, முடிச்சுகளில் நான்கு மூங்கில் குச்சிகளைச் செருகினால், ஒரு சதுர மீட்டர் அளவுள்ள கட்டம் தயார். அதை மணலில் விரித்துவிட்டு, உள்ளே இருப்பவற்றை எழுதச் சொல்வேன்.

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசையையும் எழுதிவிட்டு எழுந்து நிற்பார்கள். மறுபடியும் உட்காரச் சொல்வேன். மண்டியிட்டு, இராவணன் மீசையின் முள் முனைகளை விரலால் மெல்ல விலக்கினால், அதன் நிழலில் சுண்டுவிரல் நகமளவே இலையுள்ள ஒரு சிறுசெடி மணலோடு மணலாய்ப் படர்ந்திருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு இலை மட்டும் விட்ட ஒரு கோரைக் கன்று. மூன்றாவது, நான்காவது இனங்கள் எப்போதும் இப்படித்தான் கிடைக்கின்றன. எண்ணுவதென்பது குனிவது என்று மாணவர்கள் அந்த மணலில்தான் கற்றுக்கொள்கிறார்கள். மலையில் போய்க் கற்றுக்கொள்வதானால் முதல் இரண்டு உயரங்களின் கணக்கு வீணாகிவிடும்.

எண்ணூரில் எடுத்த கணக்கை நீலகிரிக் கோட்டின் தொடக்கப் புள்ளியாக வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது என்பது என் கருத்து. கடற்கரையிலும், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தின் கண்டல் காட்டிலும் இனங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் உப்பும் நகரும் மணலுமே, உயரம் அன்று. வேறு காரணத்தால் குறைந்ததை உயரத்தின் கணக்கில் எழுதுவது தவறு.

மூன்றாம் படி: சரிவைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே மலை, ஒரே சரிவு, ஒரே முகம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீலகிரியின் மேற்கு முகம் தென்மேற்குப் பருவமழையை நேரடியாக வாங்குகிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து அடிவாரம் மழைமறைவில் வறண்டு கிடக்க, அதற்கு மேலே குன்னூர்ச் சரிவு வடகிழக்குப் பருவமழையில் நன்கு நனைகிறது. கீழே இரண்டு இடங்களைக் கிழக்கு முகத்திலும், மேலே இரண்டு இடங்களை மேற்கேயுள்ள கூடலூர்ப் பக்கத்திலும் எடுத்தால், நாம் அளப்பது உயரத்தையா மழையையா என்று சொல்ல முடியாமல் போகும்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றிலிருந்து தொட்டபெட்டா வரை 300 மீட்டர் இடைவெளியில் 400, 700, 1,000, 1,300, 1,600, 1,900, 2,200, 2,500 என எட்டு உயரங்கள் வைத்துக்கொள்வது வசதியானது. எட்டுக்குக் குறைந்தால் கோட்டின் வளைவு தெரியாது. பத்துக்கு மேல் போனால் ஒவ்வோர் இடத்திலும் பொறுமை குறையும்.

அனுமதி பெறுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்துமூல அனுமதியின்றி நுழைய முடியாது. கீழ்ப்பகுதி கோவை மாவட்டத்திலும் மேற்பகுதி நீலகிரி மாவட்டத்திலும் வருவதால், இரண்டு கோட்டங்களின் வன அலுவலர்களுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கல்லாறு யானைகள் கடக்கும் வழி. வனக்காவலர் உடன் வராமல் அங்கே கட்டம் விரிக்க வேண்டாம், காலை வெயில் ஏறும் முன்பும் மாலை சாய்ந்த பின்பும் அறவே வேண்டாம். செடியைப் பறிக்காமல் படம் மட்டுமே எடுப்போம் என்று விண்ணப்பத்தில் எழுதி, அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: உயரத்தைச் சரியாக அளத்தல்

கைப்பேசியில் உயரம் பார்க்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, புறப்படுவதற்கு முந்தைய நாள் காசிமேட்டுக் கடலோரம் நின்று பாருங்கள். சில செயலிகள் கடல்மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே நீங்கள் நிற்பதாகக் காட்டும். கருவி கெட்டுவிடவில்லை. செயற்கைக்கோள் முறை, பூமியைச் சீரான முட்டை வடிவமாகக் கொண்டு அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. ஈர்ப்புவிசை இடத்துக்கு இடம் மாறுவதால் உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்போடு ஒத்துப்போவதில்லை. இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே இந்த வேறுபாடு உலகிலேயே மிக அதிகமாக, 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் தமிழ்நாடு இருக்கிறது. திருத்தம் செய்து காட்டும் செயலிகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதைக் கடற்கரையிலேயே உறுதிசெய்துகொண்டு, மேட்டுப்பாளையம் நிலையத்துப் பலகையில் எழுதியுள்ள உயரத்தோடு மறுபடி ஒப்பிட்டுவிடுங்கள். 300 மீட்டர் இடைவெளியில் எண்ணும்போது 80 மீட்டர்ப் பிழை என்பது கால் பங்குக்கும் மேல்.

ஐந்தாம் படி: சம அளவு, சம நேரம், சமக் கண்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் முதன்முறை சென்றபோது, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் ஒரு நல்ல நிழலும் நீரும் இருந்த இடத்தில் மதிய உணவுக்கு அமர்ந்தோம். சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டத்துக்குள் போய்ப் பார்த்துப் பார்த்துப் பெயர்களைச் சேர்த்தார்கள். மற்ற இடங்களில் நாற்பது நிமிடம் செலவிட்ட நாங்கள் அங்கே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்துவிட்டோம். ஊருக்குத் திரும்பி வரைபடம் போட்டபோது, பாடநூலில் அச்சிட்டது போல நடுவில் அழகான திமில். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிதான் நேரக் குறிப்புகளை எடுத்துக் காட்டி, "இங்கதான் சார் நாம ரொம்ப நேரம் இருந்தோம்" என்றாள். அடுத்த ஆண்டு எல்லா உயரங்களிலும் ஒரே நேர அளவோடு எண்ணியபோது, திமில் தாழ்ந்து, இடமும் சற்று மாறியிருந்தது. முதல் ஆண்டு நாங்கள் வரைந்ததில் ஒரு பகுதி எங்கள் மதிய உணவின் படமே.

ஆகவே விதிகள் கடுமையாக இருக்கட்டும். ஒவ்வோர் உயரத்திலும் சாலையோரத்தை விட்டு விலகி, மூன்று மரக்கட்டங்கள், ஒவ்வொன்றும் 20 மீட்டருக்கு 20 மீட்டர். ஒவ்வொரு மரக்கட்டத்தினுள்ளும் புதர்களுக்கு 5 மீட்டர்ச் சதுரங்கள் இரண்டு, சிறுசெடிகளுக்கு ஒரு மீட்டர்ச் சதுரங்கள் ஐந்து. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குக் குறையாதவற்றை மட்டும் மரமாகக் கொள்ளுங்கள். சரிவில் அளக்கும்போது கயிற்றைத் தரையோடு ஒட்டிப் பிடிக்காமல் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்; இல்லையென்றால் செங்குத்தான இடத்தில் கட்டம் சுருங்கிவிடும். ஒரு கட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் அலாரம் அடிக்கட்டும், பேனா கீழே வரட்டும். சிறுசெடிகளைப் பார்ப்பவர் எல்லா உயரங்களிலும் ஒருவராகவே இருப்பது நல்லது; கூர்மையான கண்ணுள்ளவர் கீழேயும் களைத்தவர் மேலேயும் எண்ணினால், அந்த வேறுபாடும் மலையின் மீது ஏறிவிடும்.

ஆறாம் படி: பெயர் கண்டறிதல்

பெயர் தெரியாத செடிக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்க வேண்டாம். 'கல்லாறு புதர் 7' என்று குறியிட்டு, இலையின் மேற்புறம், கீழ்ப்புறம், தண்டில் இலை பொருந்தும் விதம், பட்டை, பூவோ காயோ இருந்தால் அதன் பக்கவாட்டுத் தோற்றம் என ஐந்து படங்கள் எடுத்தால் போதும். அதே செடி அடுத்த உயரத்திலும் வந்தால் அதே குறியே தொடர வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் ஒன்றா இரண்டா என்பது தெரிந்தால் எண்ணிக்கை கெடாது. இலையைக் கசக்கி முகர்ந்த மணம், கீறினால் வடியும் பால் ஆகியவற்றைப் படம் பிடிக்க முடியாது என்பதால் எழுதி வையுங்கள்.

மேற்பகுதிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளில் 6,500 அடிக்கு மேல் வளர்பவற்றைப் படங்களோடு தொகுத்த நூல் இன்றும் துணை செய்கிறது. 1915-இல் வெளிவரத் தொடங்கியது. முழுச் சரிவுக்கும் கேம்பிள் தொகுத்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதி உண்டு. பெயர்கள் பல மாறிவிட்டபடியால் புதிய பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கோவையிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் இதே சரிவில் முன்பு சேகரித்த செடிகளின் மாதிரிகள் இருக்கின்றன. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு படங்களோடு போனால் பல ஐயங்கள் தீரும். உடன் வரும் இருளர், குறும்பர், படுகர் பெரியவர்கள் சொல்லும் பெயரையும் அவர்கள் ஒலிப்பது போலவே எழுதிக்கொள்ளுங்கள். நமக்கு ஒரே செடியாகத் தெரிவதை அவர்கள் இரண்டு பெயர்களால் அழைத்தால், மறுபடி உற்றுப் பார்க்க வேண்டியது நம் கடமை.

பூத்திருப்பதை மட்டும் எண்ணாதீர்கள் என்பதைக் குறிஞ்சியை வைத்துச் சொல்வது வழக்கம். நீலகிரியில் 2006-இலும் 2018-இலும் பூத்த நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, விதை விட்டு மடிந்துவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எதிரெதிர் இலைகளும் கணுக்களும் கொண்ட சாதாரணப் புதராகவே அது நிற்கும். பூவைத் தேடுபவருக்கு அது இல்லவே இல்லை. இயன்றால் மழைக்குப் பின் ஒரு முறையும் கோடைத் தொடக்கத்தில் ஒரு முறையும் என இரண்டு பயணங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் மட்டும் முளைத்து மறையும் சிறுசெடிகள் மேற்பகுதிப் புல்வெளியில் ஏராளம்.

ஏழாம் படி: ஏறும் வழியில் எதை எதிர்பார்ப்பது

400 மீட்டரில் வெள்வேல், உசிலை, இலந்தை, சதுரக்கள்ளி. ரெட்ஹில்ஸ் தாண்டிப் போனால் நாம் பார்க்கும் முட்காட்டின் உறவுகளே இவை. இலைகள் சிறியவை, முட்கள் கூரியவை, தரை பாதி வெறுமை. சற்று மேலே வேங்கை, தேக்கு, வெக்காலி போன்ற இலையுதிர் மரங்களும் மூங்கில் புதர்களும் சேர்ந்துகொள்கின்றன. ஓடைப் பள்ளங்களில் மட்டும் பசுமை மாறாக் காடு ஒரு நாக்கைப் போலக் கீழே இறங்கி வந்திருக்கும். கட்டம் ஓடையில் விழுந்ததா, மேட்டில் விழுந்ததா என்று குறிக்காவிட்டால் பிற்பாடு குழப்பம்தான்.

ஆயிரம் மீட்டரைத் தாண்டும்போது ஒரு மாற்றத்தைத் தோலிலேயே உணரலாம். காற்று ஈரமாகிறது, பட்டைகளில் பாசி ஏறுகிறது, நாவல் குடும்பத்து மரங்களும் காட்டுக் கருவாவும் வருகின்றன, கிளைகளில் ஆர்க்கிடுகள் தென்படத் தொடங்குகின்றன. இங்கே ஒரு கிளையை அண்ணாந்து பார்த்தபடி நேரம் செலவிடுங்கள். எங்கள் மாணவர் ஒருவர் தொலைநோக்கியால் ஒரே ஒரு முறிந்த கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்: கீழ்ப்பக்கம் பாசி, அதன் மேல் ஈரம் கோத்த வேர்கள், வேர்களுக்கு மேல் தடித்த போலிக்குமிழ்களோடு ஓர் ஆர்க்கிடு, அதன் அடியில் மெல்லிய கொடி போல் பெப்பரோமியா, கிளை முறிந்த இடத்தில் தேங்கிய மட்கில் ஒரு காசித்தும்பைக் கன்று. தரையைத் தொடாமலேயே மூன்று பூக்கும் தாவரங்கள். மலைச்சரிவில் மேகம் வந்து மோதும் உயரத்தில் தொற்றுத்தாவரங்கள் பெருகுவது வெப்பமண்டலம் முழுவதும் காணப்படுவது. கோஸ்டாரிகாவின் பார்வா எரிமலைச் சரிவில் எண்ணியபோதும் அவற்றின் உச்சம் நடு உயரத்திலேயே அமைந்தது.

1,600 மீட்டரைச் சுற்றித் தேயிலை எங்கும் நிறைந்திருப்பதால், இயல்பான காட்டுத் துண்டு கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் அந்த உயரத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். தேயிலைத் தோட்டத்து வரப்பில் எண்ணியதைக் காட்டின் எண்ணிக்கையாக எழுதுவதைவிட அது மேல். 1,900-க்கு மேல் சோலையும் புல்வெளியும். மரங்கள் குட்டையாகி, தலை உருண்டு, இலை தடித்து நிற்கும். காட்டுச் செண்பகம், காட்டுப் பூவரசு, விளிம்புகளில் தவிட்டுப்பழச் செடி. செந்நிறக் கொத்துகளாகப் பூக்கும் காட்டுப் பூவரசின் நெருங்கிய உறவினங்களை மறுபடி காண வேண்டுமானால் இமயமலைக்கோ இலங்கையின் மலைகளுக்கோதான் போக வேண்டும். உயரம் கூடும்போது இனங்களின் எண்ணிக்கை குறைந்தாலும், குளிர்நாட்டுப் பேரினங்களும் இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் வளராத இனங்களும் கூடிக்கொண்டே போவதை உங்கள் பட்டியலே சொல்லும்.

எட்டாம் படி: கணக்கு

ஒவ்வோர் உயரத்துக்கும் இன எண்ணிக்கையை எழுதி, உயரத்தைக் கிடைமட்ட அச்சிலும் எண்ணிக்கையைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். மரம், புதர், சிறுசெடி, கொடி, தொற்றுத்தாவரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு. பிறகு மொத்தத்துக்கு ஒரு கோடு. ஓரிடத்தில் செடிகள் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் பரவலாகவும் இருந்தால், நெருக்கமான இடத்தில் இனங்களும் கூடுதலாகவே அகப்படும். எனவே எல்லா உயரங்களிலும் மிகக் குறைவாக எண்ணப்பட்ட செடிகளின் தொகை எதுவோ, அத்தனை செடிகளைக் குலுக்கல் முறையில் ஒவ்வோர் உயரத்திலிருந்தும் எடுத்து, அவற்றில் எத்தனை இனங்கள் உள்ளன என்று பல முறை பார்த்துச் சராசரி காண்பது நேர்மையான ஒப்பீடு. சீட்டெழுதிக் குலுக்கிச் செய்தாலும் போதும்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பட்டியல் எவ்வளவு மாறுகிறது என்பது. ஆல்ப்ஸ், யூரா மலைகளின் தாவரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பால் ஜக்கார்டு 1901-இல் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். இரண்டு இடங்களுக்கும் பொதுவான இனங்களை, இரண்டிலும் சேர்த்துள்ள மொத்த இனங்களால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் உயரத்தில் 20 இனங்கள், அடுத்ததில் 18, பொதுவானவை 6 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 20-உம் 18-உம் சேர்ந்து 38, அதில் இருமுறை எண்ணிய 6 போக 32. ஆறை 32-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.19. ஒன்றுக்கு அருகில் வந்தால் இரண்டும் ஒரே காடு. சுழியை நெருங்கினால் வேறு வேறு காடுகள். அடுத்தடுத்த உயரங்களுக்கு இதைக் கணக்கிட்டுக்கொண்டே போனால், மதிப்பு திடீரென்று விழும் இடத்தில் ஒரு காட்டு வகை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கொள்ளலாம். இரண்டு உயரங்களில் இன எண்ணிக்கை சரிசமமாக இருந்து, பொதுவான இனம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம் என்பதைப் பார்க்கும்போதுதான், வெறும் எண்ணிக்கை எவ்வளவு மறைத்துவிடுகிறது என்பது மாணவர்களுக்குப் புரிகிறது.

வெப்பமண்டல மலைகளில் இந்த மாற்றம் விரைவாக நிகழ்வதற்கு டேனியல் ஜான்சன் 1967-இல் ஒரு விளக்கம் தந்தார். குளிர்நாட்டுச் செடி ஓராண்டுக்குள் உறைபனியையும் கோடையையும் தாங்கிப் பழகியது. மலையில் சற்று ஏறினாலும் அதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வாழும் வெப்பமண்டலச் செடிக்கோ சில நூறு மீட்டர் ஏற்றமே அயல்நாடு.

ஒன்பதாம் படி: கோட்டுக்குக் காரணம் தேடுதல்

வெப்பம் முதலில். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று கொண்டால், கடல்மட்டத்துக்கும் தொட்டபெட்டாவுக்கும் 17 பாகை வேறுபாடு. தண்டையார்பேட்டையில் 30 என்றால் அங்கே 13. வெப்பம் மட்டுமே காரணமென்றால் கோடு சீராகச் சரிந்திருக்க வேண்டும். நம் சரிவின் அடிவாரத்தில் வெப்பம் இருக்கிறது, நீர் இல்லை. உச்சியில் நீர் இருக்கிறது, வெப்பம் இல்லை. இரண்டும் போதுமான அளவு சந்திப்பது நடுவில். அடிவாரமே மழைக்காடாக இருக்கும் கினபாலுவில் மரங்கள் கீழிருந்தே குறைவதற்கும், அடிவாரம் வறண்ட நம் சரிவில் அவை முதலில் கூடுவதற்கும் இதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

நிலப்பரப்பு அடுத்தது. கூம்பு வடிவ மலையில் பாதி உயரத்துக்கு மேலுள்ள பரப்பு மொத்தத்தில் கால் பங்குதான். இடம் சுருங்கினால் இனங்களும் சுருங்கும். ஆனால் நீலகிரி கூம்பு இல்லை. சரிவுகள் செங்குத்தாக ஏறி, மேலே ஒரு பரந்த பீடபூமியில் முடிகின்றன. ஆகவே அங்கே பரப்பு குறைவாக இருப்பது நடுச் சரிவில், அதிகமாக இருப்பது மேலே. பிற மலைகளுக்கு எழுதிய விளக்கத்தை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினால் பொருந்தாது.

மூன்றாவது, காரணமே இல்லாமல் நடுவில் உச்சம் வரக்கூடும் என்பது. ராபர்ட் கோல்வெல்லும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களில் வளர்த்தெடுத்த இந்தக் கருத்தை எங்கள் வகுப்பில் கும்மிடிப்பூண்டி ரயிலை வைத்து விளக்குகிறேன். பயணிகள் அனைவரும் ஏதேனும் இரண்டு நிலையங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையில் ரயில் காலியாகத்தான் இருக்கும், கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போதும் அப்படியே. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம்தான் நெரிசல். யாருக்கும் எண்ணூர் மீது தனிப் பற்றில்லை. இரு முனைகளும் மூடியிருப்பதால் நடுவில் பயணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒவ்வோர் இனமும் பரவியிருக்கும் உயர எல்லையை ஒரு பயணமாகப் பாருங்கள். கடல்மட்டமும் உச்சியும் இரு முனையங்கள். உங்கள் கோட்டில் உள்ள உச்சம் இந்தத் தற்செயல் உச்சத்தைவிட உயர்ந்திருக்கிறதா, இடம் விலகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மழைக்கும் மேகத்துக்கும் பெருமை சேர்க்க வேண்டும்.

மனிதத் தலையீட்டை இறுதியில் ஓர் ஓரத்தில் எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தேயிலை, கற்பூர மரம், சீகை, உண்ணிச்செடி ஆகியவை இந்தச் சரிவின் நடுப்பகுதியையும் மேற்பகுதியையும் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக மாற்றிவந்திருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வரைந்த கோடு இன்றைய மலையின் கோடு ஆகாது.

பத்தாம் படி: குறிப்பேட்டைப் பிறருக்கும் பயன்படும்படி வைத்தல்

1802-இல் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டும் எமே போன்பிளாண்டும் ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறினார்கள். எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையின் படத்தின் மீதே பெயர்களை எழுதி ஹம்போல்ட் வெளியிட்ட படம், இந்தத் துறையின் தொடக்கம் என்றே சொல்லலாம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 2012-இல் ஆய்வாளர்கள் அங்கே மறுபடி ஏறி ஒப்பிட்டு, செடிகள் சராசரியாக 500 மீட்டருக்கும் மேல் உயரே நகர்ந்துவிட்டதாக 2015-இல் எழுதினார்கள். 2019-இல் வேறொரு குழு ஹம்போல்ட்டின் கையெழுத்துக் குறிப்புகளையும் உலர்தாவர மாதிரிகளையும் தோண்டிப் பார்த்தது. படத்தில் சிம்போராசோவின் மீது எழுதியிருந்த உயரச் செடிகளில் பெரும்பாலானவை உண்மையில் அந்திசானா என்ற வேறொரு மலையில் சேகரித்தவை என்பது தெரியவந்தது; அங்கே மறுபடி அளந்து பார்த்தபோது, நகர்வு 215 முதல் 266 மீட்டர் வரைதான். செடிகள் உயரே நகர்ந்தது உண்மை. எவ்வளவு என்பது, எந்த மலை என்ற ஒரு சொல்லில் தங்கியிருந்தது.

எனவே ஒவ்வொரு கட்டத்தின் தாளிலும் இவை இருக்கட்டும்: நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணியவர்கள், மலை, சரிவின் முகம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், உயரத்தை எந்தக் கருவியால் அளந்தீர்கள், அது கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டதா இல்லையா, ஓடையா மேடா. கட்டத்தின் மூலையிலுள்ள பாறையையோ பெரிய மரத்தையோ நான்கு திசையிலிருந்தும் படம் எடுத்து, அந்தப் படங்களின் எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், குன்னூர் மேகத்தில் பேனா மை ஊறிப்போகும். ஊர் திரும்பியதும் ஒரு படியை வகுப்பில் வைத்துவிட்டு, இன்னொன்றை அனுமதி தந்த வன அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.